மலையகப் பயணம்: அறையை நான்காவதாகப் பிடியுங்கள்

இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவே எங்கள் வீட்டில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு, சென்னை என்று பல ஊர்களிலிருந்து அழைப்பு வரும். முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "அறை இருக்கிறதா, என்ன விலை?" எந்த மாதம், எதில் வருகிறார்கள், எத்தனை நாள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் யோசனைக்கு வரும்.

இயற்கைக்குக் கேடு செய்யாமல் வந்துபோக வேண்டும் என்று மனதார விரும்புகிறவர்களும் இந்த வரிசையில்தான் சறுக்குகிறார்கள். மூங்கில் கூரையும் பச்சைப் பெயர்ப்பலகையும் உள்ள படத்தைப் பார்த்து அறையைப் பிடிக்கிறார்கள். அந்த அறை பஸ் போகாத மேட்டில் இருக்கிறது என்று பிறகு தெரிகிறது. அதனால் கொழும்பிலிருந்தே வான் பேசுகிறார்கள். வான் கையில் இருப்பதால் நான்கு நாளில் ஐந்து ஊர் பார்க்கிறார்கள். அறையில் மிச்சப்படுத்தியதெல்லாம் டீசலில் போய்விடுகிறது.

சரியான வரிசை இது: மாதம், ஊர், வண்டி, அறை. கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் போகின்றன.

தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

ஒரு நாட்காட்டி. அதில் போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களும் பாடசாலை விடுமுறைகளும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மலையக ரயில் பாதையில் உள்ள நிலையங்களின் பெயர்கள். பயணிகள் எல்லோருடைய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கங்கள். ஆசனம் பதிவுசெய்யும்போது தேவைப்படும். உங்களுடன் வருகிறவர்களில் யாருக்கு முழங்கால் வலி, யாருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்ற விவரம். கடைசியாகச் சொன்னதைச் சிரித்துக்கொண்டே தள்ளிவிடாதீர்கள். நடக்க முடியாத ஒருவர் இருந்தால் முழுத் திட்டமும் முச்சக்கரவண்டிக்கு மாறும். அதை முன்பே தெரிந்துகொண்டு ரயில் நிலையத்துக்குப் பக்கமாக அறை தேடலாம்.

1. மாதத்தை முடிவுசெய்யுங்கள்

மலையகம் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் மழையின் கணக்கில் அது இரண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் கொட்டும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா எல்லாம் அந்தப் பக்கம். அதே மாதங்களில் ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பதுளை ஆகிய ஊவா ஊர்கள் மலைக்கு மறைவில் காய்ந்து கிடக்கும். கச்சான் காற்று மட்டும் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை எங்கள் பக்கம் திரும்பும். ஒக்டோபரிலும் நவம்பரிலும் இரு பக்கமும் பிற்பகலில் இடிமழை.

ஆகவே ஜூலையில் வருகிறவர்களுக்கு ஊவாப் பக்கம் பொருந்தும். பெப்ரவரி, மார்ச்சில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பொருந்தும். இதை மாற்றிச் செய்கிறவர்கள் மூன்று நாளும் பனிமூட்டத்தையும் ஈர உடுப்பையும் பார்த்துக்கொண்டு அறையில் ஹீட்டரைப் போட்டபடி இருப்பார்கள்.

இதில் வசதி மட்டும் இல்லை, உயிரும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது மலையகத்தின் பல மாவட்டங்களில் சரிவுகள் இறங்கின. ரயில் பாதையும் வீதிகளும் உடைந்தன. அப்படியான நேரத்தில் சிக்கிக்கொள்ளும் பயணி, ஊராருக்குப் போகவேண்டிய சோற்றையும் வண்டியையும் தன் பக்கம் இழுக்கிறார்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் முதல் நிலை தொடங்கிவிடும். நீங்கள் போகும் பிரதேச செயலகப் பிரிவுக்குச் செம்மஞ்சள் வந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் வந்த பிறகு எச்சரிக்கை வந்தால் அழைப்பதற்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் கைபேசியில் இருக்கட்டும்.

புதியவர்கள் செய்யும் தவறு: ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டத்துக்கு நுவரெலியாவைத் தெரிவுசெய்வது. அந்த நாட்களில் ஊருக்குள் வாகனம் நகராது, தண்ணீர் தட்டுப்படும், குப்பை நிறையும். அதே ஊரை மார்ச் முதல் வாரத்தில் குறைந்த விலைக்குப் பார்க்கலாம்.

2. ஓர் ஊரைத் தெரிவுசெய்து மூன்று இரவு தங்குங்கள்

ஓர் இரவு தங்கிவிட்டுப் போகும் விருந்தினரால் எங்களுக்கு எவ்வளவு வேலை என்பதைச் சொன்னால் காரணம் விளங்கும். அறை காலியானதும் இரண்டு விரிப்புகள், போர்வை உறை, தலையணை உறை, துவாய்கள் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். மூட்டமான வாரத்தில் எங்கள் பின்வளவுக் கம்பியில் போட்ட விரிப்பு இரண்டு நாளானாலும் ஓரத்தில் ஈரமாகவே இருக்கும். தொட்டால் குளிர்ச்சியா ஈரமா என்று தெரியாது. கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் அம்மா எடுப்பார். பெரிய இடங்கள் அதை மின்சார உலர்த்தியில் போட்டுவிடும். மூன்று விருந்தினர் ஒவ்வோர் இரவு தங்கினால் மூன்று கழுவல். ஒருவர் மூன்று இரவு தங்கினால் ஒரு கழுவல்.

ஊரைத் தெரிவுசெய்ய ஒரே ஒரு அளவுகோல் போதும்: அங்கிருந்து நடந்தோ ஒரே பஸ்ஸிலோ குறைந்தது மூன்று இடங்களுக்குப் போக முடிய வேண்டும்.

ஹப்புத்தளை இதற்கு நல்ல உதாரணம். ஊரிலிருந்து தம்பேதன்னைக்குத் தோட்டத்து பஸ் இருக்கிறது. அங்கிருந்து லிப்டன் இருக்கை என்ற காட்சிமுனைவரை தேயிலை நடுவே நடக்கலாம். ரயிலில் ஒருபுறம் ஒஹியா, மறுபுறம் பண்டாரவளை. கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் தங்கினால் டெவோன், சென் கிளயார் நீர்வீழ்ச்சிகள் பஸ் பாதையிலேயே இருக்கின்றன. சென் கிளயாரில் தண்ணீர் மெலிந்திருந்தால் ஏமாறாதீர்கள். 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்கு அந்த ஆற்று நீர் திருப்பப்படுகிறது. நீங்கள் அறையில் கேத்தலைப் போடும்போது அந்த நீர்வீழ்ச்சியில் ஒரு துளியும் சேர்ந்து கொதிக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம்.

எல்லவைப் பற்றி என் கருத்து: பகலில் ரயிலில் போய், தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு, மாலையில் பண்டாரவளைக்குத் திரும்புங்கள். அந்தச் சிறிய ஊர் தாங்கக்கூடிய அளவைவிடக் கூடுதலாக அங்கே ஏற்கெனவே கட்டிவிட்டார்கள்.

நடப்பதையே நோக்கமாகக் கொண்டவர்களுக்கு பீக்கோ நடைபாதை இருக்கிறது. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாக, பழைய தோட்டப் பாதைகள் வழியே நுவரெலியாவரை போகிறது. முழுவதையும் நடக்கத் தேவையில்லை. ஓர் ஊரில் தங்கி, அடுத்தடுத்த இரண்டு கட்டங்களை நடந்துவிட்டு பஸ்ஸில் திரும்பலாம்.

3. வண்டியை முடிவுசெய்யுங்கள்

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைவரை ரயில் பாதை சுமார் 290 கிலோமீற்றர். பட்டிப்பொலையில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்துக்கு ஏறுகிறது. ரயில் எப்படியும் ஓடத்தான் போகிறது. அதில் நீங்கள் ஏறுவதால் கூடும் எரிபொருள் மிகக் குறைவு. நீங்கள் வாடகைக்குப் பேசும் வானோ உங்களுக்காகவே மலையேறி, உங்களை இறக்கிவிட்டுப் பெரும்பாலும் வெறுமையாகத் திரும்புகிறது. ரயிலை முதலில் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சேவை ஓடுகிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். மண்சரிவுக்குப் பின் பாதை பகுதி பகுதியாகத் திறக்கப்படுவதும் மூடப்படுவதும் மலையகத்தில் புதிதல்ல. பயணத்துக்கு முந்தைய வாரமும் முந்தைய நாளும் நிலையத்திலோ, 1919 அரச தகவல் நிலையத்திலோ கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் யாரோ எழுதிவைத்த நேர அட்டவணையை நம்பி அதிகாலையில் பெட்டியுடன் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆசனப் பதிவு சுமார் ஒரு மாதம் முன்பே திறக்கும். கண்டி எல்ல தடத்தில் திறந்த சிறிது நேரத்திலேயே முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் இடைத்தரகரிடம் இரட்டிப்பு விலை கொடுக்காதீர்கள். எல்லோரும் நெரியும் அந்த முழுத் தடத்தை விட்டுவிட்டு, குறுந்தூரத்துக்குப் பதிவில்லாத மூன்றாம் வகுப்பு டிக்கெட்டை அன்றைக்கே நிலையத்தில் எடுங்கள். ஹட்டன் முதல் நானுஓயா, ஹப்புத்தளை முதல் தெமோதரை ஆகிய இரண்டு துண்டுகளும் அழகில் எதற்கும் குறைந்தவை அல்ல. தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைவதையும் பார்க்கலாம்.

ரயிலில் வடை விற்பவரிடம் பிளாஸ்டிக் பை கேட்காதீர்கள். பழைய அப்பியாசக் கொப்பித் தாளில் செய்த பையில்தான் அவர் தருவார். போன முறை எனக்குக் கிடைத்த இறால் வடைப் பையில் யாரோ ஒரு பிள்ளையின் பின்னக் கணக்கு இருந்தது. நான்காவது கணக்குப் பிழை. சிவப்புப் பேனாவின் மேல் எண்ணெய் பரவியிருந்தது.

நிலையத்திலிருந்து அறைவரையான கடைசித் தூரத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நுவரெலியாவுக்கு ரயில் போகாது. நானுஓயாவில் இறங்கி சுமார் எட்டுக் கிலோமீற்றர் பஸ்ஸில் போக வேண்டும். பஸ் தடத்தையும் கடைசி பஸ் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்து பஸ்கள் பெரும்பாலும் மாலையோடு நின்றுவிடும். இருட்டிய பிறகு தேயிலை நடுவே நடக்கும் எண்ணம் வேண்டாம். சிறுத்தைகள் தோட்டங்களுக்குள் நடமாடுகின்றன.

4. இப்போது அறையைத் தேடுங்கள்

மாதம், ஊர், பஸ் தடம் மூன்றும் தெரிந்துவிட்டதால் இப்போது உங்கள் முன்னால் நூறு இடம் இருக்காது, எட்டோ பத்தோதான் இருக்கும். அவற்றை இரண்டு முறை சலிக்க வேண்டும்: முதலில் படத்தைப் பார்த்து, பிறகு தொலைபேசியில் பேசி.

படத்தில் கூரையைப் பார்க்காதீர்கள், பின்புறச் சுவரைப் பாருங்கள். மலையில் கட்டடம் எழுப்ப வேண்டுமானால் சரிவை வெட்ட வேண்டும். வெட்டிய மண் மொட்டையாக நிற்கிறதா, தாங்குசுவர் இருக்கிறதா, அந்தச் சுவரில் நீர் வடியும் துளைகள் தெரிகின்றனவா? துளையில்லாத சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கிச் சுவரைத் தள்ளும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அந்த அறிக்கை இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. முறையாகக் கட்டியவர் பெருமையாகவே சொல்வார்.

மலைமுகட்டில் நீச்சல்குளம் தெரிந்தால் நான் அடுத்த இடத்துக்குப் போய்விடுவேன். இரவில் பத்துப் பன்னிரண்டு பாகைக்கு இறங்கும் ஊரில் அதில் குளிப்பது யார் என்பது ஒருபுறம் இருக்கட்டும், அத்தனை தண்ணீரும் முகட்டுக்கு எப்படி ஏறியது என்று யோசியுங்கள்.

பழைய கட்டடமா புதியதா என்றும் பாருங்கள். துரைமார் இருந்த பழைய பங்களாவையோ பழைய கடைவீட்டையோ திருத்தி அறையாக்கியிருந்தால் புதிதாக மலையை வெட்டியிருக்க மாட்டார்கள். அது ஒரு நல்ல புள்ளி. அதே பங்களாவில் இரவெல்லாம் விறகடுப்பும் அறைக்கொரு குளியல்தொட்டியும் இருந்தால் அந்தப் புள்ளியைக் கழித்துவிடுங்கள்.

அடுத்து தொலைபேசி. எழுதிக் கேட்டால் "நாங்கள் இயற்கையை நேசிக்கிறோம்" என்ற பதில்தான் வரும். பேசினால் உண்மை வரும். அழைத்து, முதலில் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஓர் அம்மா அண்ணனிடம் கேட்டது இப்படி:

"தம்பி, உங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?"

"மேலே பீலி இருக்கிறது, அம்மா. அங்கிருந்து குழாய் போட்டிருக்கிறோம்."

"அதே பீலியில் வேறு யாருக்கும் தண்ணீர் போகிறதா?"

"கீழே இருக்கிற லயத்துக்கும் அதுதான். அவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் திறந்துவிட்டு, நாங்கள் நடுப்பகலில் தொட்டியை நிரப்பிக்கொள்வோம்."

"மார்ச்சில் வற்றுமா?"

"மெலியும். அப்போது ஒரு அறைதான் விடுவோம்."

அந்த அம்மா உடனே அறையைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் நாங்களும் யோசித்தோம், இதுவரை ஒருவரும் இதைக் கேட்டதில்லையே என்று.

இந்தக் கேள்வியை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சமவெளி ஊர்களைப் போல மலையகத்தில் கிணறு தோண்டிச் சமாளிக்க முடியாது. ஊற்றிலிருந்து வரும் பீலிதான் பல லயங்களுக்கு ஒரே ஆதாரம். மேலே இருக்கிறவர் குழாயை அகலமாகப் போட்டால் கீழே இருக்கிறவருக்குச் சொட்டும். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் மேட்டில் ஒரு விடுதி வந்தது, பெயர் வேண்டாம். அதன் விளம்பரத்தில் இயற்கை என்ற சொல் மூன்று தடவை வரும். அடுத்த மார்ச்சில் கீழ் லயத்துப் பெண்கள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் நான்கு மணிக்கே குடத்துடன் வரிசையில் நின்றார்கள். குடம் நிரம்ப ஆகும் நேரத்தில் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடலாம். அந்த விடுதியில் துவாயை மீண்டும் பயன்படுத்துங்கள் என்ற அட்டை மட்டும் ஒழுங்காகத் தொங்கியது.

இரண்டாவது கேள்வி: கழிவுநீர் எங்கே போகிறது? நல்ல பதிலில் மலக்குழி, அதன் நீர் மண்ணில் ஊறும் இடம், ஊற்றிலிருந்து அதன் தூரம் ஆகிய மூன்றும் வரும். மலக்குழி ஊற்றுக்கு மேலே இருக்கக் கூடாது. குளியலறைத் தண்ணீர் சரிவில் கண்டபடி விழக் கூடாது. விழுந்தால் இரண்டு கேடு. கீழே இருக்கிறவரின் குடிநீர் கெடும். மண் எப்போதும் ஊறியே இருப்பதால் பெருமழையில் சரிவு இளகும். "அதெல்லாம் பின்பக்கம் போகிறது" என்ற பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது: சுடுநீர் எதில்? சூரிய ஒளியில் என்றால் நல்லது. ஆனால் மூட்டமான மாதங்களில் அதற்குள் இருக்கும் மின்கம்பிதான் வேலைசெய்யும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விறகு என்றால் எந்த விறகு என்று கேளுங்கள். தேயிலைக் கவாத்துக் குச்சியும் நட்டு வளர்த்த யூகலிப்டஸும் ஒன்று, காட்டு மரம் வேறு.

நான்காவது: வேலைசெய்பவர்கள் யார்? பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறதா, சமையலுக்கு மரக்கறி எங்கே வாங்குகிறார்கள்? நுவரெலியா, வெலிமடைப் பக்கம் லீக்ஸும் கரட்டும் கோவாவும் வாசலிலேயே விளைகின்றன. காலை உணவுக்குப் பொதிசெய்த இறக்குமதிச் சாமானை வைப்பதா, ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைப்பதா என்பதில் அந்த இடத்தின் போக்கு தெரிந்துவிடும்.

நான்கும் கேட்டபின் விலை பேசுங்கள். நேரடியாகப் பேசினால் பதிவுத் தளத்துக்குப் போகும் பங்கு மிச்சம். அதற்காக வீட்டுக்காரரை நசுக்காதீர்கள். இரண்டு அறை வைத்திருப்பவர் விலையைக் குறைத்தால் முதலில் குறையும் செலவு மலக்குழியைத் துப்புரவாக்கும் செலவாகத்தான் இருக்கும்.

5. சான்றிதழைப் படிக்கும் விதம்

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு என்பது தங்குமிடமாக நடத்த அனுமதி. பசுமைக்கான சான்று அல்ல. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நிலைபேறான சுற்றுலாவுக்கென்று அதே சபையின் தேசியச் சான்றிதழ் தனியாக இருக்கிறது. உலகளாவிய நிலைபேறான சுற்றுலாச் சபை என்ற பெயரும் அடிபடும். அது அளவுகோல்களை வகுத்து, சான்று வழங்கும் நிறுவனங்களை அங்கீகரிக்கிறது. ஹோட்டலுக்கு நேரடியாகச் சான்று கொடுப்பதில்லை. ஆகவே சின்னத்தைப் பார்த்தால் மூன்றைத் தேடுங்கள்: கொடுத்தவர் யார், எந்த ஆண்டு, எப்போது முடிகிறது. மூன்றும் இல்லாத இலைச் சின்னம் வெறும் படம்.

சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சிறிய வீட்டைத் தள்ளிவிடாதீர்கள். செலவும் கடதாசி வேலையும் எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டாது. எங்களிடம் நான்கு கேள்விகளுக்குப் பதில்தான் இருக்கும்.

6. பை கட்டுங்கள்

கம்பளி மேலங்கி ஒன்று, மெல்லிய உடுப்புகள் இரண்டு மூன்று, காலுறைகள் தாராளமாக. இரவுக் குளிரைப் போர்வையால் சமாளிக்கத் தயாராக வந்தால் ஹீட்டர் கேட்க மாட்டீர்கள். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் சில நாள் உறைபனியும் விழும்.

ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்று. மலையகத்தில் எந்த வீட்டிலும் கொதித்தாறிய தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள். போத்தல் வாங்கும் பழக்கம் இதோடு நின்றுவிடும். சோற்றுக்கு மூடியுள்ள பாத்திரம் ஒன்று, துணிப்பை இரண்டு. மெல்லிய பொலித்தீன் சோற்றுத்தாள் 2017 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. கடையில் இன்னமும் ஏதாவது ஒரு தாளில் சுற்றித்தான் தருவார்கள். பாத்திரத்தை நீட்டினால் ஒரு கரண்டி கூடவே விழும்.

அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் போதும். காலுறைக்கு மேல் சவர்க்காரத்தை உலரத் தேயுங்கள். பூச்சிமருந்துத் தெளிப்பானைக் கொண்டுவந்து ஓடைக் கரையில் அடிக்காதீர்கள்.

சப்பாத்தின் அடியைப் புறப்படும் முன் வீட்டிலேயே தேய்த்துக் கழுவுங்கள். இதை யாரும் சொல்வதில்லை. ஹோட்டன் சமவெளியில் அந்நிய முட்செடி பரவிக் கிடக்கிறது. சேற்றோடு விதையும் பயணம் செய்யும்.

7. வந்து இறங்கிய முதல் மணி நேரம்

பையை வைத்ததும் படம் எடுக்கப் போகாமல் கட்டடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். தொலைபேசியில் சொன்ன தொட்டி இருக்கிறதா, குப்பையைப் பிரிக்கிறார்களா அல்லது பின்னால் எரித்த சாம்பலில் பொலித்தீன் உருகிக் கிடக்கிறதா என்று தெரிந்துவிடும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கிய ஊற்று இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் வீட்டுக்காரரிடம் உடனே சொல்லுங்கள். மண்சரிவுக்கு முன் மலை காட்டும் அடையாளங்கள் இவை.

பிறகு உங்கள் பக்கத்து ஏற்பாட்டைச் சொல்லிவிடுங்கள்: விரிப்பு மாற்ற வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்கு இத்தனை பேர், இன்ன நேரம். காலையிலேயே எண்ணிக்கை தெரிந்தால் எங்கள் வீட்டில் சோறு மிஞ்சாது. சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் எட்டு மணிக்குக் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு வரும் விருந்தினருக்காக வைத்த நான்கு கறியும் மறுநாள் நாய்க்கும் கோழிக்கும்தான்.

8. தோட்டத்துக்குள் நடக்கும்போது

தேயிலை மலை பொதுப் பூங்கா இல்லை, ஒருவரின் வேலைத்தலம். பாதையை விட்டு இறங்கி வரிசைக்குள் நுழைந்து நின்றால் கிளைகள் முறியும், வடிகான் ஓரம் உடையும். அந்த வடிகான்கள்தான் மழைநீரை ஒழுங்காக இறக்கி மண்ணைக் காக்கின்றன.

கொழுந்து பறிக்கும் பெண்களைக் கூப்பிட்டு நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அவர்களுக்கு நிறைக் கணக்கு இருக்கிறது. நிறுவையில் குறைந்தால் முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான். அதாவது பாதி நாள் சம்பளம். உங்கள் படத்துக்காகப் பத்து நிமிடம் சிரித்து நின்றவர் அந்தக் கிலோவை வேறெங்கே பறிப்பார்? மதியம் நிறுவைக்கு வரும் நேரத்தில் "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். சரி என்பார், அல்லது கையை ஆட்டுவார். இரண்டும் பதில்தான்.

லயத்து வாசல் ஒரு வீட்டின் முற்றம். காய்கிற உடுப்பையும் குளிக்கிற பீலிக்கரையையும் படமெடுப்பவர்களை நான் நேரில் கண்டித்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு டொபி வீசுவதும் வேண்டாம். சுற்றிய தாள் கானில் போகும், பிள்ளை வாகனத்தின் பின்னால் ஓடப் பழகும். கொடுக்க விரும்பினால் தோட்டத்துக் கடையில் தேநீரும் வடையும் வாங்கிச் சாப்பிடுங்கள்.

குப்பையைத் தோட்டத்தில் விடாமல் திருப்பிக் கொண்டுவர இன்னொரு காரணமும் உண்டு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை சபைகளால் தோட்டங்களுக்குள் வேலைசெய்ய முடியாத நிலை இருந்தது. இன்றும் பல லயங்களுக்குக் குப்பை வண்டி வருவதில்லை. நீங்கள் போடும் பிஸ்கட் உறை அங்கேயே கிடக்கும், அல்லது அங்கேயே எரியும்.

9. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலையும்

இரண்டுக்கும் ஒரே விதி: கூட்ட நாளைத் தவிருங்கள்.

ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்து விளிம்புவரை போய்வரும் சுற்றுப்பாதை சுமார் ஒன்பதரைக் கிலோமீற்றர். காலை ஒன்பது, பத்துக்குள் மூட்டம் ஏறிவிடுவதால் விடியற்காலையிலேயே நுழைய வேண்டும். வாசலில் பையைச் சோதித்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். போத்தலில் ஒட்டிய உறையையும் உரிப்பார்கள். ஆகவே சாப்பாட்டை முதலே பாத்திரத்தில் வையுங்கள். அங்கே நிற்கும் மரைகளுக்கு ரொட்டி கொடுக்காதீர்கள்; கையிலிருந்து தின்னப் பழகிய மரை பிறகு பையோடு பொலித்தீனையும் தின்னும். வான் பேசித்தான் போக வேண்டுமென்றால் தங்குமிடத்தில் வேறு யார் போகிறார்கள் என்று முந்தைய இரவே கேட்டு ஒரே வானில் போங்கள். நல்ல நடையாளர்கள் ஒஹியாவில் இறங்கி ஏறலாம். சுமார் 11 கிலோமீற்றர் ஏற்றம், ஆகவே முந்தைய இரவு ஒஹியாவிலேயே தங்க வேண்டும்.

சிவனொளிபாதமலைக்கு டிசம்பர் போயா முதல் மே வெசாக் போயாவரை பருவகாலம். நல்லதண்ணிப் பாதையில் படிகள் ஐயாயிரத்துக்கு மேல். வார நாளில், போயா இல்லாத இரவில் ஏறுங்கள். கோப்பையை நீங்களே கொண்டுபோனால் வழியிலுள்ள தேநீர்க் கடைகளில் ஒவ்வொரு முறையும் கடதாசிக் கோப்பை தேவைப்படாது. பருவம் முடிந்தபின் ஏறுவது சிக்கனம்போலத் தெரியும். விளக்கும் கடையும் இருக்காது, மழையில் படி வழுக்கும். வேண்டாம்.

10. புறப்படும் நாள்

பொலித்தீன், மின்கலம், வெற்றுப் போத்தல் எல்லாவற்றையும் உங்கள் பையிலேயே நகரத்துக்குக் கொண்டுபோங்கள். உணவுக் கழிவை மட்டும் விட்டுவிடலாம். எங்கள் பின்வளவில் அதற்குக் குழி இருக்கிறது.

குறை இருந்தால் வீட்டுக்காரரிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். "அண்ணே, குழாயில் சொட்டு நிற்கவில்லை" என்று சொன்னால் அன்றைக்கே திருத்துவோம். எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் ஊருக்குப் போய் இரண்டு நட்சத்திரம் போட்டால் குழாய் இன்னும் ஒரு மாதம் சொட்டும்.

இணையத்தில் எழுதும்போது காட்சியையும் காலை உணவையும் பற்றி ஏற்கெனவே எழுபது பேர் எழுதியிருப்பார்கள். நீங்கள் வேறு சில வரி எழுதுங்கள்: நிலையத்திலிருந்து எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது, வேறு யார் அதைப் பயன்படுத்துகிறார்கள், நீங்கள் தங்கிய மாதத்தில் குழாயில் தண்ணீர் எப்படி வந்தது. அடுத்து அழைப்பவர் எங்களிடம் விலையை மட்டும் கேட்டால் போதும்.